ஆட்டோரேடியோகிராஃபியில் பின்னணி

ஆட்டோரேடியோகிராஃபி என்பது ஒரு மாதிரியில் கதிரியக்கப் பொருள் எங்கெங்கே உள்ளது என்பதை, அதன் மீது பூசப்படும் ஒளிப்படப் பால்மத்தின் வழியாக அறியும் முறை ஆகும். பால்மம் ஜெலட்டினில் விரவிய வெள்ளி புரோமைடுத் துகள்களால் ஆனது. கதிர் பட்ட துகள்கள் உருத்துலக்கியில் கரிய வெள்ளி மணிகளாக மாறுகின்றன. மாதிரியின் கதிரியக்கத்தால் அன்றிப் பிற காரணங்களால் தோன்றும் மணிகள் பின்னணி எனப்படுகின்றன. தனி மணி ஒன்றைப் பார்த்து அது எதனால் தோன்றியது எனக் கூற இயலாது. எனவே பின்னணி மிகுந்தால் முடிவுகள் பிழையாகலாம்.

காரணங்கள்

இருட்டறையில் கசியும் ஒளி, பால்மத்தின் முதுமை, அழுத்தம், நிலைமின் பொறி, அண்டக் கதிர்கள், மிகையான உருத்துலக்கல் ஆகியன முதன்மையானவை. மாதிரியிலுள்ள வேதிப்பொருள்களும் மணிகளை உண்டாக்கலாம்.

குறைக்கும் வழிகள்

* புதிய பால்மத்தைக் குளிர்பதனப் பெட்டியில், உறையவிடாமல், கதிரியக்கப் பொருள்களுக்கு அப்பால் வைத்தல்.
* பூசிய பால்மத்தை மெதுவாக உலர்த்துதல். விரைந்து உலர்ந்தால் ஜெலட்டின் சுருங்கித் துகள்களை அழுத்தும்.
* டிரிட்டியத்திற்கு மெல்லிய பூச்சைப் பயன்படுத்துதல். அதன் பீட்டாத் துகள்கள் பால்மத்தில் ஓரிரு மைக்ரோமீட்டரே செல்வதால், தடித்த பூச்சு பின்னணியை மட்டுமே கூட்டும்.
* உருத்துலக்கியின் வெப்பநிலையையும் நேரத்தையும் மாறாமல் பேணுதல்.

முன்பே பதிந்த பின்னணியை, மாதிரியை வைக்கும் முன் நீர்த்த ஐதரசன் பெராக்சைடு ஆவியால் அழிக்கலாம். அதன் பின் பால்மத்தை நன்கு உலர்த்த வேண்டும்; ஈரம் எஞ்சினால் உண்மையான பதிவும் மங்கிவிடும்.

சோதனை வில்லைகள்

கதிரியக்கமற்ற மாதிரியின் மீது பூசிய வில்லை, வேதிப்பொருள்கள் உண்டாக்கும் மணிகளைக் காட்டும். மாதிரியின் மீது பூசி வேண்டுமென்றே ஒளிபடச் செய்த வில்லை, மாதிரி பதிவை அழிக்கிறதா என்பதைக் காட்டும்.

இந்திய எடுத்துக்காட்டு

ஆட்டோரேடியோகிராஃபியில் பின்னணியாகும் அண்டக் கதிர்களே, கொல்கத்தா போஸ் நிறுவனத்தைச் சேர்ந்த தேபேந்திர மோகன் போஸ், பிபா சௌத்ரி ஆகியோரின் ஆய்வுப்பொருளாயின. அவர்கள் டார்ஜிலிங், சந்தக்பூ முதலிய மலைப்பகுதிகளில் இல்ஃபோர்டு தகடுகளைப் பல மாதங்கள் வைத்து, மெசான் துகள்களின் பாதைகளைப் பதிவு செய்தனர். முடிவுகள் 1940 முதல் 1942 வரை நேச்சர் இதழில் வெளியாயின. மணிகளின் இடைவெளியும் பாதையின் சிதறலும் துகளின் நிறையைக் கணிக்க உதவின. எனவே தகட்டில் தற்செயலாகத் தோன்றும் மணிகள் அங்கும் இடையூறே. போர்க்காலத்தில் மேம்பட்ட பால்மத் தகடுகள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. மேம்பட்ட பால்மங்களைக் கொண்டு பிரிஸ்டலில் செசில் பவல் குழுவினர் 1947இல் பை-மெசானைக் கண்டறிந்தனர். பவல் 1950இல் நோபல் பரிசு பெற்றார்.