பழைய பிக்கப்பை ‘ஹாட் ராட்’ ஆக்கலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

துருப்பிடித்த பழைய பிக்கப் வண்டி. அதில் பவரான வேறு இன்ஜின், தாழ்த்திய பாடி, அகலமான டயர். ரீல்ஸில் லைக்ஸை அள்ளும் இந்த ‘ஹாட் ராட்’ வண்டியை நம்ம ஊரில் கட்டி ரோட்டில் ஓட்ட முடியுமா?

ஹாட் ராட் எங்கிருந்து வந்தது?

1930-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில். பழைய ஃபோர்டு கார்களை மலிவாக வாங்கி, மட்கார்டு, பானெட்டைக் கழற்றி எடையைக் குறைத்து, வறண்ட ஏரிப் படுகைகளில் ரேஸ் விட்டார்கள். 1932-ல் ஃபோர்டு கொண்டுவந்த வி8 இன்ஜின் இந்த மோகத்தை இன்னும் கிளப்பியது.

வட சென்னையில் இது சாத்தியமா?

கைத்திறனுக்குப் பஞ்சமே இல்லை. 1948-ல் உருவான அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களை அசெம்பிள் செய்தது. 1955-ல் அதுதான் அசோக் லேலண்ட் ஆனது. என்ஃபீல்டு புல்லட் இந்தியாவில் தயாரானது பக்கத்துத் திருவொற்றியூரில். லேத், வெல்டிங், டிங்கரிங் எல்லாம் இந்தப் பகுதிக்குப் பழகிய வேலைகள். சிக்கல் ஷெட்டில் இல்லை, ஆர்.சி புக்கில்!

என்ன சிக்கல்?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பு நிறுவனம் குறிப்பிட்ட அடிப்படை அமைப்பை உரிமையாளர் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறினால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம்.

‘வின்டேஜ்’ என்று பதிவு செய்தால்?

2021-ல் வந்த விதிப்படி, 50 வயது தாண்டிய கார், பைக்குகளுக்கு ‘விஏ’ எழுத்துகள் கொண்ட தனி நம்பர் கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுகள் செல்லும். ஆனால் சேஸிஸ், பாடி, இன்ஜின் பெரிதாக மாறாமல் ஒரிஜினலாக இருக்க வேண்டும். ஹாட் ராட் அடிவாங்குவது இங்கேதான். வின்டேஜ் நம்பர் கிடைத்தாலும் கண்காட்சி, ராலி போன்றவற்றுக்குத்தான் ஓட்டலாம். தினமும் ஆபீஸுக்கு ஓட்ட முடியாது.

அப்போ என்ன செய்யலாம்?

பழைய வண்டி கையில் இருந்தால், ‘மாற்றிக் கட்டுவதை’விட ‘மீட்டெடுப்பது’ நல்லது. ஒரிஜினல் பாகங்களைத் தேடிப் பொருத்துங்கள். பெயின்ட் கலரை மாற்றினால்கூட ஆர்.டி.ஓ-வில் சொல்லி ஆர்.சி-யில் பதிந்துவிடுங்கள். முக்கியமாக, சேஸிஸில் கட்டர் வைக்கும் முன் ஆர்.டி.ஓ ஆபீஸுக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். வெட்டிய பிறகு ஒட்டவைக்கலாம், ஆனால் அது ‘ஒரிஜினல்’ ஆகாது.