பட்ட தென்னையில் ஏறலாமா?

தோப்பில் ஒரு தென்னை பட்டுவிட்டால், வழக்கமாகக் காய் பறிக்க வருபவரையே கூப்பிட்டு, "உச்சியில் கயிறு கட்டிட்டு இறங்குங்க, சாய்ச்சிடலாம்" என்கிறோம். பச்சை மரத்துக்குச் சரியான இந்த வழி, பட்ட மரத்தில் உயிரை வாங்கிவிடும்.

வேம்பு, புளி போலத் தென்னைக்கு நடுவில் வைரம் பாய்வதில்லை. அதன் உறுதியெல்லாம் வெளிச்சுற்றில்தான். உள்ளே மென்மையான சோறு. மேலே போகப் போகக் கட்டை இன்னும் மென்மையாகும். ஏறுபவர் மட்டையைப் பிடிப்பதும் கயிறு கட்டுவதும் அங்கேதான். "இத்தனை மாசம் காத்துக்கு நின்ன மரம் ஓர் ஆளைத் தாங்காதா?" என்று கேட்பவர்கள் உண்டு. கொண்டை விழுந்த மரத்தில் காற்று பிடித்து ஆட்ட ஒன்றுமில்லை, அதனால் நிற்கிறது. ஓர் ஆள் உச்சிக்குப் போய் அசையும்போதுதான் அதன்மேல் உண்மையான பாரம் விழுகிறது.

மரம் எதனால் பட்டது என்று பாருங்கள். தண்டில் ஓட்டைகளும், மென்று தள்ளிய நாரும், பழுப்புச் சாறும் இருந்தால் சிவப்புக் கூன்வண்டு. வெளியே முழு மரமாகத் தெரிந்தாலும் புழுக்கள் உள்ளே குடைந்திருக்கும். அடித்தண்டில் செம்பழுப்புச் சாறு வடிந்து, தூரில் காளான் முளைத்திருந்தால் தஞ்சாவூர் வாடல் நோய். அதில் வேரே அழுகிவிடுவதால் மரம் தூரோடு சாயலாம். குருத்தழுகலிலும் இடி விழுந்த மரத்திலும் அழுகல் மேலிருந்து இறங்கும். கீழே திடமாக இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடுவோம்.

அரிவாளின் முதுகால் சுற்றிலும் தட்டிப் பாருங்கள். பொத்தென்று கேட்டால் உள்ளே உளுத்திருக்கிறது. கெட்டியான ஓசை வந்தாலோ, கை எட்டிய உயரம் வரை சரி என்பதற்கு மேல் அதில் அர்த்தமில்லை. ஆகவே தட்டிப் பார்ப்பது 'வேண்டாம்' என்று சொல்ல உதவும், 'ஏறலாம்' என்று சொல்ல உதவாது. பட்ட தென்னையில் ஏறவே வேண்டாம் என்பதே என் முடிவு.

தரையிலிருந்தே அறுத்துச் சாய்ப்பது நல்லது. கோடாலி போட்டால் அதிர்ச்சியில் உச்சி முறிந்து வெட்டுபவர் தலையிலேயே விழலாம். வாள்தான் ஏற்றது, தலைக்கவசமும் வேண்டும். மர உயரத்தைப்போல இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேறு யாரும் நிற்கக் கூடாது. வீட்டை ஒட்டி நிற்கும் மரத்துக்குக் கிரேன் கூப்பிடுங்கள். மின்கம்பி அருகில் இருந்தால், மின்வாரியம் மின்சாரத்தை நிறுத்தும் வரை வேலையைத் தொடங்காதீர்கள். கதண்டுக் கூடு இருக்கிறதா என்றும் அண்ணாந்து பாருங்கள்.

மரமேறுபவர் பார்த்துவிட்டு "மாட்டேன்" என்றால், கூலியைக் கூட்டிக் கேட்கத்தான் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்து வற்புறுத்தாதீர்கள். வந்து போனதற்கான கூலியைக் கொடுத்து அனுப்புங்கள்.