கம்பி எட்டாத லயங்கள்

1924இல் பதுளைக்கு ரயில் வந்தபோது பாதையோரமாகக் கம்பியும் வந்தது. தண்டவாளம் ஒன்றே, எதிரெதிராக இரண்டு ரயில்கள் ஒரே துண்டுக்குள் போய்விடக் கூடாது. அதற்காக நிலையங்களில் டேப்ளட் இயந்திரங்களை வைத்து, சோடி சோடியாகக் கம்பியால் இணைத்தார்கள். இந்தப் பாதையிலுள்ள தெமோதரை ஸ்டேஷன் மாஸ்டர் மணியடித்துக் கேட்பார். அடுத்த நிலையத்துக்காரர் சம்மதித்தால்தான் இவருடைய இயந்திரம் பூட்டு விட்டு டேப்ளட் என்ற வட்டத் தகட்டைத் தரும். அதை வளையத்தோடு வாங்கிக்கொண்டுதான் சாரதி ரயிலை எடுப்பார். அந்தத் தகடு வெளியே இருக்கும்வரை இரு முனையிலும் இன்னொன்று வராது.

அன்று மலையில் கம்பி போய்ச் சேர்ந்த இடங்கள் சிலவே: ரயில் நிலையம், தபால் கந்தோர், தோட்டக் கந்தோர், துரை பங்களா. தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்துப் பக்கம் அது திரும்பவே இல்லை.

இன்று பதுளைக் கடைகளிலும் கந்தோர்களிலும் கம்பியின் முனையில் இருப்பது ஈதர்நெட் சிப். கணினிக்குள் இருக்கும் 0, 1 கோவையை வயரில் ஓடக்கூடிய மின் அலையாக்குவதும், தேய்ந்து வரும் அலையைத் திரும்ப எண்களாக்குவதும் அதன் வேலை. 1980களில் இதற்கென்றே தனிப் பெட்டி ஒன்று தடித்த வயரைக் குத்திப் பிடித்திருக்கும். 1990இல் முறுக்கிய வயர் சோடிக்கான தரம் வந்தது. இப்போது 4 மில்லிமீற்றர் சதுரச் சிப்பே போதும்.

தெமோதரையின் ஒழுங்கு இதற்குள்ளும் உண்டு. வயரைச் செருகியதும் தரவு ஓடுவதில்லை. இரு முனைச் சிப்புகளும் சிறு துடிப்புகளால் தத்தம் வேகங்களைச் சொல்லி, 10, 100, 1000 மெகாபிட்டில் இரண்டுக்கும் இயன்ற உச்ச வேகத்துக்கு உடன்படும். பிறகுதான் தரவு.

ஊவாவில் இந்தச் சிப்புக்கு எமன் இடிதான். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் வானம் கறுத்தால் கவனம் வேண்டும். நெட்வொர்க் சாக்கெட்டில் உள்ள சிறு மின்மாற்றி பொதுவாக 1500 வோல்ற்று வரைதான் தாங்கும். பக்கத்தில் விழும் மின்னல் நீண்ட வயரில் அதைவிட எவ்வளவோ கூடுதலாகத் தூண்டிவிடும். ரவுட்டரில் மற்றதெல்லாம் இயங்க, ஒரு போர்ட் மட்டும் செத்துக் கிடக்கும். கரண்ட் பிளக்கைக் கழற்றுகிறவர்கள் நெட்வொர்க் வயரை மறந்துவிடுகிறார்கள். தயவுசெய்து இரண்டையும் கழற்றுங்கள்.

கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடியபோது ஊவாப் பிள்ளைகள் சிக்னல் தேடி மலையேறியதை நாடே பார்த்தது. தோட்டத் தொழிற்சாலைக் கந்தோருக்கு வந்த இணைப்பை லயத்துக்கு இழுக்க வழியில்லையா? சாதாரண ஈதர்நெட் வயர் 100 மீற்றரோடு நின்றுவிடும். லயமோ பல இடங்களில் அதற்கும் அப்பால். ஆனால் 2019இல் வந்த தரத்தில், ஒரே ஒரு வயர் சோடியில் 10 மெகாபிட் 1000 மீற்றர் போகும். பிள்ளைக் காம்பராவில் சிலர் ஒன்றாக வீடியோப் பாடம் பார்க்க அது போதும். மின்னலுக்கு அஞ்சினால் கண்ணாடி இழை இழுக்கலாம். அதில் ஓடுவது ஒளி. எதை இழுத்தாலும் செலவைத் தோட்டக் கம்பெனிதான் ஏற்க வேண்டும். கொழுந்து பறிப்பவரின் நாட்கூலியில் அதைப் பிடிக்கக் கூடாது.