மலைப் பாதையில் மிதிவண்டியும் இரவுத் தங்கலும்

மலைப் பாதைகளில் பல நாள் மிதிவண்டிப் பயணம் மேற்கொள்ள விரும்புவோர் முதலில் ஆராய்வது வண்டியின் பற்சக்கரங்களையும் தடைகளையும் பற்றியே. இரவில் எங்கே படுப்பது என்னும் வினா பின்னரே எழுகின்றது. ஆனால் பயணத்தின் நீளத்தையும் வேகத்தையும், சில வேளைகளில் பயணியின் உயிரையுமே நிர்ணயிப்பது இந்த இரண்டாம் வினாவுக்குக் கிடைக்கும் விடையாகும்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள டெல்லுரைடு நகரிலிருந்து அண்டை மாநிலமான யூட்டாவின் மோவாப் வரை, ஏறத்தாழ 345 கி.மீ. பாதையில், 1980களின் பிற்பகுதியில் ஒரு குடில் வரிசை அமைக்கப்பட்டது. ஒரு நாளில் மிதித்துக் கடக்கக்கூடிய தொலைவுக்கு ஒன்றாக ஆறு மரக்குடில்கள். உணவுப் பொருள்களும் குடிநீரும் படுக்கையும் அவற்றில் முன்கூட்டியே வைக்கப்படுகின்றன. ஏழு நாள் பயணத்துக்கு மாற்றுடையும் பழுது நீக்கும் கருவிகளும் எடுத்துச் சென்றால் போதும். பாதை மொத்தத்தில் உயரத்திலிருந்து தாழ்வை நோக்கிச் செல்வதால், நாள்கள் செல்லச் செல்ல மூச்சுக்குச் சிரமம் குறைகின்றது.

இமயத்தில் நிலைமை இதற்கு நேர்மாறானது. இமாசலப் பிரதேசத்தின் மணாலியிலிருந்து லடாக்கின் லே வரை ரோதங் வழியாகச் செல்லும் சுமார் 475 கி.மீ. சாலை கோடை மாதங்களில் மட்டுமே முழுமையாகத் திறந்திருக்கும். மிதிவண்டியில் இதைக் கடக்க எட்டு முதல் பத்து நாள் வரை ஆகின்றது. ரோதங் (3,978 மீட்டர்), பாராலாச்சா (சுமார் 4,890 மீட்டர்), லாச்சுங் (சுமார் 5,060 மீட்டர்), தங்லாங் (5,328 மீட்டர்) ஆகிய கணவாய்கள் ஒன்றையடுத்து ஒன்றாக வருகின்றன. தங்லாங்கின் உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழப் பாதியே. லாஹௌலின் தார்ச்சாவைத் தாண்டினால், லடாக்கின் ரும்ட்சே வரை இருநூறு கிலோமீட்டருக்கு மேல் நிலையான ஊர் எதுவும் இல்லை.

இந்த வெற்றிடத்தை நிரப்புபவை தாபாக்கள் எனப்படும் உணவுக் கொட்டகைகள். இடுப்பளவு கற்சுவர் எழுப்பி, அதன்மேல் பழைய பாராசூட் துணியையோ தார்ப்பாயையோ விரித்துக் கட்டுகின்றனர். உட்புறச் சுவரை ஒட்டி நீண்ட மேடை. அதன்மேல் வரிசையாக மெத்தைகளும் கனத்த ரஜாய்களும். பகலில் இருக்கை, இரவில் படுக்கை. ராஜ்மாவும் சோறும், முட்டையும், சூடான தேநீரும் கிடைக்கும். இவற்றுள் பலவற்றை லாஹௌல், லடாக் சிற்றூர்களைச் சேர்ந்த குடும்பங்கள் நடத்துகின்றன. ஆண்டில் சில மாதங்களில் ஈட்டுவதைக் கொண்டே அவர்கள் பனிக்காலத்தைக் கழிக்கவேண்டும்.

இக்கொட்டகைகள் எழுந்த இடங்களைத் தேர்ந்தெடுத்தது எந்தத் திட்டமும் அன்று. தண்ணீர் கிடைக்கும் இடமும், லாரி ஓட்டுநர் வண்டியை நிறுத்தும் இடமுமே அவற்றை முடிவு செய்தன. உடலின் கணக்கு வேறு. 3,000 மீட்டருக்கு மேல் சென்றபின், உறங்கும் உயரத்தை ஓரிரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டலாகாது என்பதும், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு தேவை என்பதும் மருத்துவர்கள் வகுத்துள்ள நெறி. பகலில் உயர்ந்த கணவாயைக் கடந்து, இரவில் கீழிறங்கி உறங்குவதில் தீங்கு குறைவு.

இந்த அளவுகோலை மணாலி–லே சாலையில் வைத்துப் பார்த்தால் குறை எங்கே என்பது தெளிவாகும். ஜிஸ்பாவின் உயரம் சுமார் 3,200 மீட்டர். பலரும் அடுத்துத் தங்கும் சர்ச்சுவோ ஏறத்தாழ 4,290 மீட்டர். ஒரே நாளில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம்! தலைவலியும் குமட்டலும் தூக்கமின்மையும் அங்கே பலரைப் பிடிக்கின்றன. நோய் முற்றி நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்தால், உடனே கீழிறங்குவதே முதன்மையான சிகிச்சை. ஆனால் சர்ச்சுவிலிருந்து சாலை வழியே எத்திசையில் இறங்க வேண்டுமானாலும் முதலில் ஏறியாக வேண்டும்: ஒருபுறம் பாராலாச்சா, மறுபுறம் லாச்சுங்.

பரிகாரம் பெருஞ்செலவு பிடிப்பதன்று. இடையே சுமார் 3,800 மீட்டரில் பட்சியோவும், 4,270 மீட்டரில் ஜிங்ஜிங்பாரும் உள்ளன. இவ்விரண்டிலும் ஓரிரவு தங்குபவர், மறுநாள் பாராலாச்சாவைக் கடந்து சர்ச்சுவில் உறங்கும்போது உறங்கும் உயரம் ஏறத்தாழக் கூடுவதே இல்லை. அடுத்த இரவு, சுமார் 4,600 மீட்டரிலுள்ள பாங்கில். பட்சியோவில் கோடை முழுவதும் உறுதியாகக் கிடைக்கக்கூடிய பத்துப் படுக்கைகள் இருந்தால் பல பயணிகள் பிழைப்பர்.

கழிப்பிடக் குறையையும் சொல்லியாக வேண்டும். குளிரும் வறட்சியும் மிக்க இந்நிலத்தில் கழிவு எளிதில் மக்குவதில்லை. திறந்தவெளியில் விடப்படுவது ஓடைநீரில் கலக்கின்றது. லடாக்கியர் வீடுகளில் தொன்றுதொட்டு உள்ள உலர் கழிப்பிடம் இதற்கேற்றது. மேல்தளத்துத் துளை வழியே விழும் கழிவை மண்ணும் சாம்பலும் இட்டு மூடி, பின்னர் வயலுக்கு எருவாக்குகின்றனர். தண்ணீரே தேவைப்படாத இம்முறையிருக்க, நீரூற்றும் பீங்கான் தொட்டிகளைப் பாங்குக்கு ஏற்றிச் செல்வது பொருத்தமற்றது.

இக்கொட்டகைகளின் வருங்காலத்தைச் சுரங்கப்பாதைகளும் பாதிக்கவல்லவை. 2020 அக்டோபரில் அடல் சுரங்கம் திறக்கப்பட்டதும் பேருந்துகளும் லாரிகளும் ரோதங்கைத் தவிர்த்தன. அதனால் மறுபுறத்துக் கோக்சரின் வணிகம் சுருங்கியது. தார்ச்சாவிலிருந்து சான்ஸ்கார் செல்லும் வழியில் ஷிங்கு லா சுரங்கப் பணி 2024 ஜூலையில் தொடங்கியது. அது நிறைவுற்றபின் லே செல்லும் லாரிகளில் கணிசமானவை சான்ஸ்கார் வழியை நாடக்கூடும். லடாக்குக்கு அது பெரும் நன்மையே. ஆயின் ஜிங்ஜிங்பாரிலும் பாங்கிலும் அடுப்பெரிவது பெரிதும் லாரிகளை நம்பித்தான். மிதிவண்டிப் பயணிகளின் எண்ணிக்கை மட்டும் ஒரு குடும்பத்தின் கோடைச் செலவுக்குப் போதாது. எந்தெந்தக் கொட்டகைகள் பயணிகளின் பாதுகாப்புக்கு இன்றியமையாதவை என்பதை இரு நிருவாகங்களும் இணைந்து முடிவு செய்து, அவற்றை நடத்தும் குடும்பங்களுக்கு நில உரிமமும் படுக்கை, எரிபொருள் ஆகியவற்றுக்குச் சிறு கடனுதவியும் வழங்குதல் வேண்டும். லாரிகள் தடம் மாறிய பின்னர் இதைத் தொடங்கினால், அதற்குள் அக்குடும்பங்கள் ஊர் திரும்பியிருக்கும்.