உங்களுக்குத் தெரியுமா? – திரைக்கு அந்தப் பக்கம் டாக்டர்

● போனிலேயே டாக்டரைப் பார்க்கும் 'இ-சஞ்சீவனி ஓபிடி' கொரோனா ஊரடங்கில், 2020 ஏப்ரலில் வந்தது. 2021 தொடக்கத்தில் மத்திய சுகாதார அமைச்சகம் மாவட்டவாரியாகக் கணக்கு வெளியிட்டபோது நாட்டிலேயே முதலிடம் டெல்லிக்கும் இல்லை, பெங்களூருக்கும் இல்லை. நம்ம சேலத்துக்கு! லட்சத்துக்கும் மேற்பட்ட ஆலோசனைகள். மதுரையே அடுத்த இடம்தான்.

● கிராமத்துத் துணை சுகாதார நிலையத்தில் இந்தத் திரைவழி ஆலோசனை நடப்பதைப் பார்த்தால் ஒன்று புரியும். டாக்டர் கேட்கும் கேள்விக்குப் பாட்டி திரையைப் பார்த்துப் பதில் சொல்ல மாட்டார். பக்கத்தில் நிற்கும் நர்சம்மாவைப் பார்த்துத்தான் சொல்வார். பிரஷர் பார்ப்பதும், சர்க்கரைக்கு விரலில் குத்துவதும், "மாத்திரை சோத்துக்கு முன்னாடியா பின்னாடியா" என்பதை மூன்று தடவை சொல்லி அனுப்புவதும் அவர்தான். கணக்கில் அவர் பெயர் வருவதில்லை.

● நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1985. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி 1986. நாமக்கல்லில் மனிதருக்கான அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12-ல்தான் திறக்கப்பட்டது. கோழிக்கு முந்தி, ஆளுக்குப் பிந்தி! தமிழ்நாட்டின் 11 புதிய கல்லூரிகளை அன்றைக்குப் பிரதமர் டெல்லியிலிருந்து காணொலியில் திறந்து வைத்தார். ஆக, அந்தக் கல்லூரியின் முதல் நாளே ஆன்லைன்தான்.

● மாரடைப்பில் ரத்தக் குழாய் அடைத்த கொஞ்ச நேரத்திலேயே இதயத் தசை சாக ஆரம்பித்துவிடும். சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் இதய டாக்டர் இருக்க மாட்டார். ஆனால் ஈசிஜி எடுக்க ஆள் உண்டு, ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடவும் ஆள் உண்டு. அந்த ஈசிஜியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நெட்டில் அனுப்பி, அங்கிருக்கும் நிபுணர் பார்த்துச் சொன்னதும் ஊசியைப் போட்டு, பிறகு ஆளை ஆஞ்சியோவுக்கு அனுப்புவது என்று தமிழ்நாட்டில் ஓர் ஏற்பாடு செய்து பார்த்தார்கள். 4 பெரிய மையங்கள், அவற்றோடு இணைந்த 35 சிறிய ஆஸ்பத்திரிகள், 2,420 நோயாளிகள். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் முன்பு 100-க்கு 17.6 பேர், ஏற்பாடு வந்தபின் 14.2. முடிவு 2017-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானது. புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மாறியது யார் யாருக்கு எப்போது சொல்கிறார்கள் என்பதுதான்.

● ஈசிஜியைக் கம்பியில் அனுப்புவது ஒன்றும் புதிதல்ல. நெதர்லாந்தின் லைடன் நகரில் ஈசிஜியை உருவாக்கிய ஐந்தோவன் 1905-லேயே ஆஸ்பத்திரியிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருந்த தன் ஆய்வகத்துக்கு டெலிபோன் கம்பி வழியாக இதயத் துடிப்பை வரவழைத்துவிட்டார்.

● சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்தது கூகுள். 2016-ல் வெளியான அந்த ஆய்வில் பாடப் புத்தகம் 1,28,175 விழித்திரைப் படங்கள். அவற்றில் மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா நோயாளிகளின் படங்களும் உண்டு. படத்தைப் பார்த்து மார்க் போட்டவர்கள் அமெரிக்காவின் 54 கண் மருத்துவர்கள். தங்கள் கண் இவ்வளவு தூரம் போய் வாத்தியார் வேலை பார்த்தது அந்தக் கண்ணுக்குரியவர்களுக்குத் தெரிந்திருக்குமா என்பது வேறு கேள்வி.

● அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ்-சி நோயாளிகள் டாக்டர் சஞ்சீவ் அரோராவைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அவர் நோயாளிகளை வரச் சொல்லவில்லை. கிராமத்து டாக்டர்களை வாரந்தோறும் வீடியோவில் கூட்டினார். ஒருவர் தன் நோயாளியின் கதையைச் சொல்வார், மற்றவர்கள் அலசுவார்கள். 2003-ல் தொடங்கிய இந்த 'எக்கோ' முறையில் கிராமத்து டாக்டர்களிடம் குணமானவர்கள் 58.2 சதவீதம், பல்கலைக்கழக நிபுணர்களிடம் 57.5. நம் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனமும் மனநலப் பயிற்சிக்கு இதையே எடுத்துக்கொண்டது.

● ஆப்பிரிக்க டாக்டர்களுக்கு இந்திய ஆஸ்பத்திரிகளிலிருந்து திரையில் வகுப்பும் ஆலோசனையும் தருவது அப்துல் கலாமின் 2004-ம் வருட யோசனை. 2009-ல் தொடங்கிவைக்கப்பட்டது, பாடம் சொன்னவர்களில் சென்னை அப்பல்லோவும் உண்டு.

● போனில் வைத்தியம் பார்க்க இந்தியாவில் தெளிவான விதிமுறை வந்த தேதி 2020 மார்ச் 25. ஊரடங்கின் முதல் நாள்! அதன்படி சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்க வேண்டும். போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் மருந்துகளைப் பொதுவாகப் போனில் எழுதித் தரக் கூடாது; தூக்க மாத்திரை பலவும் அதற்குள் வரும். நேரில் போய்த்தான் வாங்க வேண்டும், சேலம் பஸ் பிடித்தாவது.