கேஸ் எங்கே போனது?

ஹைதராபாத்தில் ஏப்ரல் மாதம் ஏசி மெக்கானிக்கைக் கூப்பிட்டால் ஒரு வாக்கியம் காதில் விழாமல் இருக்காது: "கேஸ் அயிப்போயிந்தி சார்." அதாவது, கேஸ் தீர்ந்துபோச்சு. வண்டிக்கு பெட்ரோல், அடுப்புக்கு சிலிண்டர் என்பதைப்போல இதுவும் செலவாகிற சரக்கு என்று நம்பி நாமும் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். கொண்டாப்பூரில் வாடகைக்கு இருந்தபோது இரண்டு கோடை நானும் கொடுத்தேன்.

உண்மையில் அந்த கேஸ் எரிவதும் இல்லை, தேய்வதும் இல்லை. மூடிய செப்புக் குழாய்க்குள் அதே கேஸ்தான் வருஷக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அறைச் சுவரில் மாட்டிய பெட்டிக்குள் திரவமாக வந்து, அறைக்காற்றின் சூட்டை வாங்கி ஆவியாகிறது. வேர்வை காயும்போது உடம்பு குளிர்கிறதே, அதே வித்தை. வெளிப்பெட்டியில் இருக்கும் கம்ப்ரஸர் அந்த ஆவியை அழுத்தி, வெளிக்காற்றைவிடச் சூடாக்குகிறது. அப்போதுதான் அது வாங்கிவந்த வெப்பத்தை வெளியே இறக்கிவிட்டு மறுபடி திரவமாக முடியும். ஆக, ஏசி குளிரைத் தயாரிப்பதில்லை. உள்ளேயிருந்து வெளியே சூட்டைச் சுமக்கிறது. கேஸ் குறைந்திருக்கிறது என்றால் குழாயில் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் கேஸை நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை.

எவ்வளவு சூட்டைச் சுமக்கும் என்பதற்கான அளவுதான் 'டன்'. சுமார் 907 கிலோ பனிக்கட்டி ஒரு நாள் முழுக்க உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அது ஒரு டன், கணக்கில் சுமார் 3.5 கிலோவாட். பனிக்கட்டி வியாபாரம் கொடிகட்டிப் பறந்த காலத்தின் அளவுகோல் இது. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கும் ஐஸ் ஹவுஸ், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை வைக்கக் கட்டியதுதான்.

அந்த டன் கணக்கை வெளியே 35 டிகிரி இருக்கும்போது சோதித்துத்தான் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். ஹைதராபாத்தின் மே மாதம் சர்வசாதாரணமாக 40ஐத் தாண்டும். வெளியே சூடு ஏற ஏற, அங்கே வெப்பத்தை இறக்கிவைப்பது கடினமாகி, இயந்திரத்தின் வலு குறைகிறது. பகல் இரண்டு மணிக்கு ஏசி திணறினால் அது நோய் என்று சொல்ல முடியாது.

இரவு பத்து மணிக்கும் திணறினால்? இங்கேதான் 'பென்ட்ஹவுஸ்' வருகிறது. இந்த ஊரில் அந்தச் சொல்லுக்குச் சொகுசு மாளிகை என்று அர்த்தமில்லை. மொட்டைமாடியில் எழுப்பிய ஓர் அறை, இரண்டு அறை வீட்டுக்கும் அதுதான் பெயர். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் கூரை, இரவில் அதை அறைக்குள் கக்குகிறது. தெலங்கானா அரசு 2023 ஏப்ரலில் 'குளிர்கூரை'க் கொள்கை ஒன்றை அறிவித்தது. 2028க்குள் 300 சதுர கிலோமீட்டர் கூரைகளை வெயிலைத் திருப்பியனுப்பும்படி மாற்றுவது இலக்கு. அதில் 200 ஹைதராபாத்துக்கு. மாடியில் வெள்ளைப் பூச்சு அடிக்கும்படி ஓனரிடம் கேட்பது, புது ஏசி கேட்பதைவிட சுலபம்.

பிழை இயந்திரத்திலா அறையிலா என்று பார்க்க ஒரு தெர்மாமீட்டர் போதும். கால் மணி நேரம் ஓடவிட்டு, ஏசி மேலே உறிஞ்சும் காற்றையும் கீழே ஊதும் காற்றையும் அளந்து பாருங்கள். 8 முதல் 12 டிகிரி வரை வித்தியாசம் இருந்தால் ஏசி பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது. கூரையையும் மேற்கு ஜன்னலையும் கவனியுங்கள். வித்தியாசம் குறைந்தால் முதலில் ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்கள். பாறை உடைத்துக் கட்டடம் எழுப்பும் ஊர் இது; புழுதிக்குக் குறைவில்லை. உள்பெட்டியின் கம்பிச்சுருளில் பனி படிந்திருந்தால் காற்று போகவில்லை, அல்லது கேஸ் நிஜமாகவே கசிகிறது. வெளிப்பெட்டியில் ஃபேன் மட்டும் சுற்றி, கம்ப்ரஸரின் உறுமல் கேட்காவிட்டால், பழைய ரக ஏசிகளில் பல சமயம் கபாசிட்டர் போயிருக்கும். அதைத் திறக்க வேண்டாம். கரண்டை நிறுத்திய பிறகும் அது ஷாக் அடிக்கும். 16 டிகிரிக்கு இறக்குவதால் எந்தப் பயனும் இல்லை, ஏற்கெனவே முழு மூச்சில் ஓடுகிற மாட்டைத் தார்க்குச்சியால் குத்துவதுதான் அது.

இன்னொன்று, தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு. ஹைதராபாத்தின் கோடைக்காற்று வறண்டது. சென்னையில் பிசுபிசுப்பை மட்டும் தரும் ஏர் கூலர் அங்கே அருமையாக வேலை செய்யும். ஆனால் ஏசி போதவில்லை என்று கூலரையும் சேர்த்து ஓட்டாதீர்கள். கூலர் காற்றில் கலக்கும் ஒவ்வொரு லிட்டர் தண்ணீரையும் திரும்பப் பிழிந்தெடுக்க, ஒரு டன் ஏசியின் சுமார் 12 நிமிட உழைப்பு போய்விடும்.

மூன்றாவது கோடையில், மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் பால்கனியில் வெளிப்பெட்டியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். சுருளின் தகடுகளை அடைத்துக்கொண்டு குச்சியும் எச்சமும். நடுவில் இரண்டு புறா முட்டை. அந்த ஏப்ரலை ஏர் கூலரோடு கழித்தோம்.