மறுப்பை எழுத்தில் கேளுங்கள்

"உனக்கு வராதுப்பா, லிஸ்ட்ல பேர் இல்ல." தாலுகா அலுவலக வாசலில் இந்த ஒரு வரியைக் கேட்டுவிட்டு வீடு திரும்பும் மாற்றுத்திறனாளிகள் நம் காலனிகளில் ஏராளம். மறுத்தது யார், எந்த விதிப்படி, என்ன காரணம்? எதுவும் காகிதத்தில் இருக்காது. வாய்வார்த்தையாகச் சொன்னதை எதிர்த்து எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் வருவாய்த்துறை வழங்கும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரி முதல் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்ந்தது. ரேஷன் அரிசி போக மருந்து, எண்ணெய், பஸ் கட்டணம் எல்லாம் இதற்குள்தான். இதை யாரும் இரக்கப்பட்டுத் தரவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இன் 24ஆம் பிரிவு சமூகப் பாதுகாப்பை அரசின் கடமை ஆக்கியிருக்கிறது. இதேபோன்ற திட்டங்களில் மற்றவர்கள் பெறுவதைவிடக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாகத் தர வேண்டும் என்றும் அது சொல்கிறது.

இந்தச் சட்டம் நமக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டு மக்களில் 2.21 விழுக்காட்டினர் மாற்றுத்திறனாளிகள். பட்டியல் சாதியினரிடையே அது 2.45 விழுக்காடு. கல்குவாரி, செங்கல் சூளை, சாக்கடை, தோல் பதனிடும் தொட்டி என்று உடம்பைத் தின்னும் வேலைகள் யார் தலையில் விழுகின்றன என்பது ஊரறிந்த சங்கதி.

மனு எழுதித் தரும்போது நான் திரும்பத் திரும்பக் கேட்கும் மறுப்புகள் மூன்று. ஒன்று, "கான்கிரீட் வீடு இருக்கு". அது பெரும்பாலும் அரசே கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடுதான். இரண்டு, "மகன் சம்பாதிக்கிறான்". அவன் திருப்பூரில் தனிக்குடும்பமாக இருப்பதை விசாரிக்க வந்தவர் எழுதியிருக்க மாட்டார். மூன்று, "சதவீதம் பத்தாது".

முதல் இரண்டும் வருவாய்த்துறையின் முடிவுகள். இ-சேவை மையத்தில் விண்ணப்ப எண்ணைப் போட்டு, 'நிராகரிக்கப்பட்டது' என்று வந்தால் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொள்ளுங்கள். பிறகு தகவல் உரிமைச் சட்டப்படி வட்டாட்சியர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதி, கிராம நிர்வாக அலுவலரின் விசாரணை அறிக்கையின் நகலையும் மறுப்பு ஆணையின் நகலையும் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் சான்று காட்டினால் அதுவும் இல்லை. 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

காரணம் கையில் வந்ததும் கோட்டாட்சியருக்கு மேல்முறையீட்டு மனு எழுதுங்கள். அழுது புலம்பும் மனு வேண்டாம். விண்ணப்ப எண், மறுத்த தேதி, சொன்ன காரணம், அது ஏன் தவறு, அதற்கான ஆதாரம் என்ற இந்த ஐந்தும் ஒரே பக்கத்தில் அடங்கும். வீடு அரசு கொடுத்தது என்றால் அந்த ஒதுக்கீட்டு ஆணை, மகன் தனியே இருக்கிறான் என்றால் அவன் குடும்ப அட்டையின் நகல் என்று இணையுங்கள். நேரில் கொடுத்தால் தேதியும் முத்திரையும் போட்ட ஒப்புகை இல்லாமல் திரும்ப வேண்டாம். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் ஒரு பிரதி கொடுத்து மனு எண்ணை வாங்குங்கள். வந்துகொண்டிருந்த பணம் திடீரென்று நின்றிருந்தால், நிறுத்துவதற்கு முன் ஏன் விளக்கம் கேட்கவில்லை என்பதையும் எழுதுங்கள்.

மூன்றாவது காரணத்துக்குப் பாதை வேறு. சதவீதத்தை முடிவு செய்வது மருத்துவர். ஊனச் சான்று மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கின்றன 2017ஆம் ஆண்டு விதிகள். சான்று தரும் அதிகாரியின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமையைச் சட்டத்தின் 59ஆம் பிரிவு தருகிறது. எங்கே, எத்தனை நாளுக்குள் என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் உடனே கேளுங்கள்; நாள் கடத்தினால் நமக்குத்தான் நட்டம். பழைய எக்ஸ்ரே, அறுவை சிகிச்சைச் சீட்டு எதையும் தூக்கி எறியாதீர்கள்.

இதற்கும் மசியவில்லை என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். அதற்கு மேல் உயர் நீதிமன்றம். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் ஏது என்று தயங்க வேண்டாம். சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1987-இன் 12ஆம் பிரிவுப்படி பட்டியல் சாதியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் கேட்கலாம்.

உரிமை பறிபோனால் நேராக உச்ச நீதிமன்றத்தையே அணுக வழிசெய்யும் பிரிவை அரசியல் சட்டத்தின் ஆன்மா என்று அண்ணல் அம்பேத்கர் 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் சொன்னார். கேட்டுப் பெற வழி இல்லாத உரிமை ஏட்டுச் சுரைக்காய்தான் என்பது அவருக்குத் தெரியும்.

கல்லூரியில் படிக்கும் தம்பி, தங்கைகளே, விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது தெருவில் ஒரு வீட்டுக்காவது இந்த மனுவை எழுதிக் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டை போனில் படம் பிடித்து வையுங்கள். முப்பதாம் நாள் அந்த வீட்டுக்கு மறுபடியும் போய், பதில் வந்ததா என்று கேளுங்கள்.